துண்டான விரலுக்கு முதலுதவி: ஈரத் துணி, பிளாஸ்டிக் பை, ஐஸ் தண்ணீர்

ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்து, தண்ணீர்ப் போத்தலில் மிதக்கவிட்டு, டெட்டாலில் முக்கி, டிஷ்யூ தாளில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டு என்று துண்டான விரலை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவைதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் விரலுக்கு ஏதோ ஒரு வகையில் கேடு செய்கிறது. பதற்றத்தில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஓடும்போதுதான் இந்தத் தவறுகள் நடக்கின்றன. விரலைப் பொறுத்தவரை அவ்வளவு பதற வேண்டியதில்லை. காரணம் விரலின் அமைப்பிலேயே இருக்கிறது.

ரத்த ஓட்டம் நின்றால் உடலில் முதலில் சாகத் தொடங்கும் திசுக்களில் தசையும் ஒன்று. முழங்கையிலோ மேற்கையிலோ துண்டானால் அந்தத் துண்டில் தசை நிறைய இருக்கும். அதனால் குளிரூட்டாமல் வைத்தால் ஏறத்தாழ 6 மணி நேரம்தான் கெடு. விரலுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கும், நீட்டும் தசைகளெல்லாம் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன; அவற்றின் தசைநாண்கள் மட்டுமே கயிறுபோல் விரலுக்குள் ஓடுகின்றன. எலும்பு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், கொழுப்பு, தோல் இவ்வளவே விரல். ஆகவே சாதாரண வெப்பத்திலேயே அது 12 மணி நேரம்வரை தாங்கலாம். முறையாகக் குளிர்வித்தால் 24 மணி நேரம்வரை தாங்கும். தைவானில் 84, 86, 94 மணி நேரம் குளிரில் இருந்த ஒரே நோயாளியின் மூன்று விரல்களை வெற்றிகரமாக இணைத்ததாக 1988-ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அது விதிவிலக்கு. அதை நம்பி மெல்லப் போகலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நமக்குத் தேவையான கணக்கு வேறு: விரலை ஒழுங்காகப் பொதிய 5 நிமிடம் செலவழித்தால் எந்த நட்டமும் இல்லை, நேராக ஐஸில் போட்டால் விரல் உறைந்து வீணாகலாம். இன்னொன்று, நம் சிங்கப்பூர் நிலவரம். துவாஸ் தொழிற்பேட்டையில் தகரக் கொட்டகைப் பட்டறையிலோ கட்டுமானத் தளத்திலோ மத்தியான வெயிலில் 32, 33 டிகிரி இருக்கும். மூடிய லாரிக்குள் அதைவிடக் கூடும். வெப்பம் கூடக்கூட ரத்தம் இல்லாத திசு தன்னிடமுள்ள ஆற்றல் சேமிப்பை வேகமாகச் செலவழித்துவிடும். குளிர்வித்தல் அந்தச் செலவைக் குறைக்கிறது. அதனால் சிங்கப்பூரில் "துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு போகலாம்" என்பது சரிவராது.

முதலில் ஆள், பிறகு விரல்

இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மின்சாரத்தையும் துண்டித்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். காயம்பட்டவரை உடனே உட்கார வையுங்கள். முகம் வெளிறினால், வியர்த்தால் படுக்க வையுங்கள். விரல் துண்டானதால் ஏற்படும் ரத்த இழப்பில் உயிர் போவது மிக அரிது. ஆனால் வெட்டுப்பட்ட கையைப் பார்த்து மயங்கி, கான்கிரீட் தரையில் தலை மோத விழுவது நடக்கக்கூடியது. "அண்ணே, இங்க உக்காருங்க, கையப் பாக்காதீங்க, மேல தூக்கிப் பிடிங்க" என்று நிதானமாகச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பது அந்த நேரத்தில் பெரிய உதவி.

வெட்டு வாயின்மேல் சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் ஒவ்வொரு முறையும் பிய்ந்துவரும். துணி நனைந்தால் எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து, சரியான இடத்தில்தான் அழுத்துகிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுருள்கட்டுத் துணியால் இறுக்கமாகச் சுற்றுங்கள், ஆனால் மற்ற விரல்கள் நீலம் பாரிக்குமளவுக்கு அல்ல. அதே கையில் மோதிரம், கைக்கடிகாரம், கயிறு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும்.

முழுதாகத் துண்டான விரலில் நாம் பயப்படும் அளவுக்கு ரத்தம் பீறிடாது. முற்றாக வெட்டப்பட்ட தமனி ரப்பர் குழாய்போல் உள்ளே சுருங்கி, தன் வாயைத் தானே இறுக்கிக்கொள்ளும். பாதி வெட்டுப்பட்ட தமனிதான் அப்படிச் சுருங்க முடியாமல் வாய் திறந்தே கிடந்து கொட்டும். ஆகவே தொங்கிக்கொண்டிருக்கும் விரலில் ரத்தம் அதிகமாக வந்தால் வியப்பில்லை; அங்கே கூடுதல் நேரம் அழுத்த வேண்டியிருக்கும்.

விரலின் அடியில் ரப்பர் பேண்டோ நூலோ இறுக்கிக் கட்டும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். நாசி லெமாக் பொட்டலத்தின் ரப்பர் பேண்ட் அகலம் குறைந்தது; அது மெல்லிய குழாய்களையும் நரம்புகளையும் அறுப்பதுபோல் நசுக்கிவிடும். மருத்துவர் தைத்துச் சேர்க்க வேண்டிய இடம் அதுதான். மேற்கையில் இறுக்குப் பட்டை கட்டுவது, மணிக்கட்டோ கையோ சிதைந்து, அழுத்தியும் நிற்காமல் ரத்தம் கொட்டும்போது மட்டுமே. அப்போதும் அகலமான பட்டையாக, காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு கட்ட வேண்டும்.

காயத்தில் மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் நிறக் கிருமிநாசினி மருந்தும் வேண்டாம். ஒவ்வொரு துகளையும் நுண்ணோக்கியின் கீழ் மருத்துவர் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். சாயம் ஏறிய திசுவில் எது நல்லது, எது நசுங்கியது என்று நிறத்தை வைத்துப் பிரித்தறிவதும் கடினம்.

தேடுவது

ஒருவர் கையை அழுத்திப் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் விரலைத் தேடட்டும். பார்க்க வேண்டிய முதல் இடம் கையுறை. துளையிடும் இயந்திரம், உருளை, சங்கிலி போன்றவற்றில் கையுறை சிக்கும்போது விரல் உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. கையுறையை உருவி இழுக்காமல் கத்தரியால் வெட்டித் திறக்க வேண்டும். மரவேலைப் பட்டறையில் தூசு உறிஞ்சும் குழாயிலும் மரத்தூளிலும் பாருங்கள். இறைச்சி, மீன் வெட்டும் இடமானால் தட்டிலும் கழிவுத் தொட்டியிலும் பாருங்கள். கதவில் நசுங்கிய குழந்தை விரல் நுனி கீல் இடுக்கில் இருக்கலாம்.

கிடைத்ததெல்லாம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நகத்துண்டு, தோல் கீற்று, "இது எதற்கும் உதவாது" என்று தோன்றும் நசுங்கிய பகுதி எல்லாமே. ஒட்ட முடியாத விரலின் தோலையோ நரம்பையோ எலும்பையோ எடுத்துப் பக்கத்து விரலைச் சீராக்க மருத்துவர்களால் முடியும். பிய்ந்த விரலின் முனையில் வெள்ளைக் கயிறுபோல் நீளமாகத் தொங்குவது தசைநாண். அழகுக்காக அதை வெட்டிவிடாதீர்கள். விரல் கிடைக்கத் தாமதமானால் ஆளை நிறுத்தி வைக்க வேண்டாம். அவர் முதலில் போகட்டும். விரல் பின்னால் வரலாம். எந்த மருத்துவமனை என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொதிவது

மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ வெளிப்படையாக இருந்தால் சலைன் எனப்படும் உப்புநீரை மேலாக ஊற்றிச் சில வினாடி அலசலாம். தேய்க்கக் கூடாது. சவர்க்காரம், டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு கூடவே கூடாது. கிருமியைக் கொல்வது ரத்தக்குழாயின் உட்சுவரையும் புண்ணாக்கும். அந்த மெல்லிய உட்சுவர் வழவழப்பாக இருக்கும்வரைதான் தைத்த பிறகு ரத்தம் உறையாமல் ஓடும்.

காஸ் துணியை 0.9% சலைனில் நனைத்து, இனிச் சொட்டாது என்ற அளவுக்குப் பிழிந்து, விரலை முழுதும் சுற்றுங்கள். மருந்துக்கடைகளில் காயம் கழுவ விற்கும் சிறு சலைன் குப்பிகளே போதும். காண்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்தில் கிருமிநாசினி கலந்திருக்கும், அது வேண்டாம். சலைன் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான கைக்குட்டை பரவாயில்லை. பஞ்சு மட்டும் வேண்டாம், இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

சுற்றிய விரலைப் பூட்டு வைத்த (ஜிப்லாக்) பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். கசிவுக்குப் பயந்து இன்னொரு பையிலும் போடலாம். பிறகு பெரிய பையிலோ பாத்திரத்திலோ பாதி ஐஸ், பாதி தண்ணீர் எடுத்து, அந்தப் பையை அதில் வையுங்கள். வெளிப் பையின்மேல் நிரந்தர மையால் பெயர், விரல் துண்டான நேரம், எந்தக் கை, எந்த விரல் என்று எழுதுங்கள். இருவர் ஒரே விபத்தில் சிக்கினால் இந்த எழுத்துதான் குழப்பத்தைத் தடுக்கும்.

ஐஸில் தண்ணீர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் கட்டி கழித்தல் 18 டிகிரியில்கூட இருக்கலாம். அதைத் தொடும் திசு உறையும். உயிரணுக்குள் பனிப் படிகங்கள் வளர்ந்து சுவரைக் கிழிக்கும். உருகியபின் விரல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் குழாய்களைத் தைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும், கிழிந்த உட்சுவரில் ரத்தம் கட்டி நின்றுவிடும். ஐஸோடு தண்ணீர் கலந்திருக்கும்வரை அந்தக் கலவை 0 டிகிரிக்குக் கீழே போகாது. நடுவில் பையும் துணியும் இருப்பதால் விரல் ஏறத்தாழ 4 டிகிரியில், உறையாமல், குளிர்ச்சியாக இருக்கும். வீட்டில் நடந்தால் விரலை உறைபெட்டியில் வைக்காதீர்கள். ஐஸ்கிரீம் கேக்கோடு வரும் உலர் பனிக்கட்டி இன்னும் மோசம், அது கழித்தல் 78 டிகிரி.

தண்ணீரில் நேரடியாக மிதக்கவிட்டால் வேறு கேடு. வெறும் தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து வீங்க வைக்கும். நெடுநேரம் துணி துவைத்த கைபோலத் தோல் வெளுத்துச் சுருங்கும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை அந்த ஊறிய சதைக்குள் கண்டெடுப்பதே பாடு. பால், பன்னீர், இளநீர் எல்லாம் கிருமிக்குத்தான் விருந்து.

ஐஸ் தேடி அலைய வேண்டியதில்லை. காப்பிக்கடைப் பானக் கடைக்காரரிடமும் கேண்டீனிலும் எப்போதும் இருக்கும்.

முழுதாகத் துண்டாகாமல்

தோலிலோ தசைநாணிலோ ஒட்டிக்கொண்டு தொங்கினால், "இதோ போய்விட்டதே" என்று மீதியை அறுத்துவிடாதீர்கள். அந்த மெல்லிய தோல் பாலத்துக்குள் ஒரு சிரை பிழைத்திருந்தால்கூட மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். விரலைத் திருகாமல் இயல்பான நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, ஈரக் காஸ் சுற்றி, ஐஸ்கிரீம் குச்சி போன்ற ஒன்றைத் துணைவைத்துக் கட்டுங்கள். துணியில் சுற்றிய குளிர்ப் பொதியை அந்த விரல்மேல் மட்டும் மெல்ல வைக்கலாம்.

எங்கே போவது

ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழைத்து, விரல் துண்டாகிவிட்டது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அடுத்தது 6 இலக்க அஞ்சல் குறியீடு, தொழிற்கூட எண், எந்த வாசல். ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். சுங்கை காடுட், துவாஸ் பக்கம் ஒரே மாதிரிக் கட்டடங்கள் வரிசையாக இருக்கும்போது நேரம் போவது அங்கேதான். எந்த மருத்துவமனை என்பதைக் குடிமைத் தற்காப்புப் படையினர் முடிவு செய்வார்கள்.

கம்பெனி வண்டியில் முதலில் கம்பெனிக்கு வழக்கமான கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து கடிதம் வாங்கி, பிறகு மருத்துவமனை என்று சுற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. துண்டான விரலுக்குக் கிளினிக்கில் செய்ய எதுவுமில்லை; பலதுறை மருந்தகத்திலும் அப்படியே. நேரே பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை ஆகியவற்றில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறைகள் உண்டு. விரல் கிடைத்துவிட்டால் அந்தப் பை, நோயாளி இருக்கும் அதே வண்டியில் போக வேண்டும்.

வழியில் தண்ணீர், காப்பி, ரொட்டி எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். "டென்ஷன் குறைய ஒரு சிகரெட்" கூடாது. நிகோட்டின் விரல் தமனிகளைச் சுருக்கும். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த இயந்திரம், சர்க்கரை நோய் உண்டா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறாரா, ஒவ்வாமை உண்டா, இசிவுத் (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டார் என்பவற்றைக் கூடப் போகிறவர் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஒட்டுவதும் ஒட்டாமல் விடுவதும்

கையைத் திரும்ப இணைக்கும் அறுவைச் சிகிச்சை விரலுக்கு முன்பே வந்துவிட்டது. 1962-ல் பாஸ்டனில் ஒரு சிறுவனின் மேற்கை இணைக்கப்பட்டது. முற்றாகத் துண்டான கட்டைவிரலை ஜப்பானின் நாராவில் கொமாட்சுவும் தமாயும் இணைத்தது 1965-ல். மேற்கையின் குழாய் சில மில்லிமீட்டர் தடிமன். விரலின் குழாயோ ஒரு மில்லிமீட்டர். நுண்ணோக்கியும் தலைமுடியைவிட மெல்லிய நூலும் கைவந்த பிறகே விரல் சாத்தியமானது.

மருத்துவர் முதலில் எலும்பைச் சற்றுக் குட்டையாக்கிக் கம்பியால் பிணைப்பார். அடுத்து தசைநாண்கள், தமனி, நரம்பு, சிரை, கடைசியில் தோல். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகும். பலன் பெரும்பாலும் வெட்டைப் பொறுத்தது. கூரான கத்தி நேராக வெட்டிய விரல்களில் ஏறத்தாழ 10-ல் 9 பிழைக்கின்றன. நசுங்கியோ பிய்ந்தோ போனவற்றில் ஏறக்குறைய 3-ல் 2-தான். பிய்த்து இழுக்கப்பட்ட குழாயின் உட்சுவர் முனையிலிருந்து வெகுதூரம் வரை கிழிந்திருப்பதே காரணம். மோதிரம் மாட்டி இழுபட்ட விரல் இந்த வகையில் மிக மோசமானது.

எல்லா விரலையும் ஒட்டமாட்டார்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கட்டைவிரல், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், குழந்தையின் எந்த விரலும் என்றால் பெருமுயற்சி எடுப்பார்கள். பெரியவரின் ஒரே ஒரு ஆட்காட்டி விரல் அடிப்பகுதியில் துண்டாகியிருந்தால் கதை வேறு. ஒட்டினாலும் மடங்காமல் விறைத்து நிற்கலாம். அப்போது மூளை அதை விட்டுவிட்டு நடுவிரலைப் பயன்படுத்தப் பழகிவிடும். குளிர்சாதன அறையில் அந்த விரல் வலிக்கும். வெட்டு வாயை மூடித் தைத்தால் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம். ஒட்டினால் பல மாதங்கள் சிகிச்சை, சில சமயம் மேலும் அறுவைகள். ஊரில் கடன் அடைக்க வேண்டிய ஊழியர் "மூடிவிடுங்கள்" என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்த முடிவு மருத்துவரிடம் கேட்டுக் காயம்பட்டவரே எடுப்பது. "இதெல்லாம் ஒட்டாது" என்று பட்டறையிலேயே விரலைக் குப்பையில் போட சூப்பர்வைசருக்கு உரிமையில்லை.

ஒட்டிய பிறகு முதல் சில நாள்கள் மணிக்கொருமுறை நிறமும் வெப்பமும் பார்ப்பார்கள். விரல் வெளிறினால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலமாகி உப்பினால் வெளியேறவில்லை. இரண்டாவது நிலைக்கு இன்றும் மருத்துவ அட்டைப்பூச்சிகளை விரலில் கடிக்க விடுகிறார்கள். சிகரெட் முற்றாகத் தடை. பல இடங்களில் காப்பிக்கும் சாக்லெட்டுக்கும் தடை. நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். எனவே அடிவிரலில் தைத்த நரம்பு நுனிக்குப் போய்ச் சேரச் சில மாதங்கள் ஆகும்.

வேலையில் நடந்த காயமானால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். யார் தவறு என்று அது பார்ப்பதில்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரும் அதில் அடங்குவார். மருத்துவ விடுப்போ இலகு வேலையோ எழுதிக்கொடுத்தாலே முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு கோர விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. இல்லப் பணிப்பெண்களுக்கு இந்தச் சட்டம் இல்லை; அவர்களுக்கு முதலாளி எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதி உண்டு.

முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணியும் கத்தரியும் கையுறையும் வழக்கமாக இருக்கும். பூட்டுப் பை இருக்குமா என்பது சந்தேகம். நடுத்தர அளவில் இரண்டு, பெரிதாக ஒன்று, கூடவே சிறு சலைன் குப்பிகள் சிலவும் ஒரு நிரந்தர மைப் பேனாவும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் பக்கத்தில் ஐஸ் கிடைக்கும் இடத்தை எழுதி ஒட்டுங்கள், இரவு ஷிப்டில் அந்தக் கடை மூடியிருந்தால் எங்கே என்பதையும் சேர்த்து.